ஆசிரியர் வரிசையைப் பிடித்துக்கொண்டு சென்னையில் ஓவியம் பார்ப்பது

ஓவியக் கண்காட்சிகளுக்குப் போக ஆசை இருக்கிறது, போனால் ஒன்றும் புரியாதே என்ற தயக்கமும் இருக்கிறது என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய. எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பார்கள். மெரினாவிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். உழைப்பாளர் சிலையிலிருந்து.

பேருந்தில் எத்தனையோ முறை அதைக் கடந்திருப்போம். நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். 1959இல் திறக்கப்பட்ட சிலை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1957 வரை நீண்ட காலம் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். ஒரு தடவை இறங்கி, பக்கத்தில் போய், சுற்றி வந்து பாருங்கள். முதுகுத் தசை, கெண்டைக்கால் நரம்பு, தரையில் ஊன்றிய விரல் எல்லாம் உடற்கூறு தெரிந்த கை செய்தவை. உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பது வரை சொல்லலாம். இந்தச் சிலையைப் பார்த்து யாரும் புரியவில்லை என்று சொல்லமாட்டார்கள்.

இப்போது அடுத்த கேள்வி. இந்த மனிதரிடம் படித்தவர்கள் என்ன செய்தார்கள்?

எனக்கு நவீன ஓவியம் திறந்துகொண்டது இந்தக் கேள்வியால்தான். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக முறைத்துப் பார்த்து அர்த்தம் தேடுவதைவிட, யார் யாரிடம் படித்தார், ஆசிரியரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்று பார்த்தால் படங்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கின்றன. சென்னையில் இதைச் செய்வது சுலபம். எல்லாம் பெரும்பாலும் ஒரே கல்லூரியிலிருந்து கிளைத்தது. பெரியமேட்டில் இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரி அது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது.

ராய் சௌத்ரியிடம் படித்தவர்களில் இருவரை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால். தனபால் செய்த பெரியார் தலையும் திரு.வி.க. தலையும் புகைப்படமாகவாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். முகத்தின் சாயல் அப்படியே இருக்கும். களிமண்ணை அழுத்திய விரல் தெரியும். பணிக்கர் இன்னும் தூரம் போனார். ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957இல் முதல்வரானவர் அவர்தான். 1963 வாக்கில் அவர் ஆரம்பித்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் மனித உடம்பே கிட்டத்தட்ட இல்லை. ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள், வாசிக்க வராத எழுத்துகள், கணக்குக் குறிகள், நடுவில் எங்கோ ஒரு மீன், ஒரு பறவை. வாசிக்க முயல வேண்டாம். எழுத்து என்பதை வெறும் கோடாகப் பார்க்க அவர் நம்மைப் பழக்குகிறார்.

பணிக்கரின் படங்களைப் பார்க்கப் போவதற்கு முன்னால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு காலைப் பொழுது செலவிடச் சொல்வேன். வெள்ளிக்கிழமை விடுமுறை, மறக்க வேண்டாம். ரயில் நிலையத்திலிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போகலாம். எல்லாக் கட்டடத்தையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் கால் வலிதான் மிச்சம். செப்புத்திருமேனிக் கூடத்துக்கு மட்டும் போங்கள். திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரி இரண்டும் அங்கே இருக்கின்றன. அவற்றில் உடம்பு எப்படிக் கோடாக மாறியிருக்கிறது என்று பாருங்கள். தசையும் நரம்பும் கிடையாது. தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே வளைவு. மெரினாவில் பார்த்த உடம்பை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால், அறுபதுகளில் இந்த ஊர் ஓவியர்கள் எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்பது சட்டென்று பிடிபடும்.

அப்புறம் சோழமண்டலம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. மகாபலிபுரம் போகும் அவசரத்தில் நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சகாக்களுமாகச் சேர்ந்து நிலம் வாங்கி உருவாக்கிய ஓவியர் கிராமம் இது. ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம். படித்து முடித்த பையன்கள் எங்கேயாவது டிசைனர் வேலைக்கோ குமாஸ்தா வேலைக்கோ போய் ஓவியத்தை விட்டுவிடுவார்கள் என்ற கவலை பணிக்கருக்கு. கைவினைப் பொருள் செய்து விற்போம், அதில் சோறு, மீதி நேரத்தில் ஓவியம் என்று வழி கண்டார்கள். மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகள் நன்றாக விற்றன. அந்த வருமானத்தில்தான் மணல்காடாகக் கிடந்த நிலம் கைக்கு வந்தது. அரசும் புரவலரும் கட்டிக்கொடுக்காமல் ஓவியர்கள் தாங்களே கட்டிய ஊர் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

அங்கே உள்ள மெட்ராஸ் கலை இயக்க அருங்காட்சியகம் 2009இல் திறந்தது. பணிக்கர், ஜே. சுல்தான் அலி, கே. ராமானுஜம், பி.வி. ஜானகிராம் என்று வரிசையாகப் பார்க்கலாம். கட்டணம் உண்டு, சின்னத் தொகைதான். நான் வெளியூர் விருந்தினரை அழைத்துப்போகும்போது ராமானுஜத்தின் முன்னால் மட்டும் ஒரு நாற்காலி கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பேனாவும் மையும்தான். மாடங்களும் கோபுரங்களும் அடுக்கிய ஒரு கனவு நகரம், பாம்பு, குதிரை, நடுவில் தொப்பி போட்ட ஓர் ஆள். அந்த ஆள் அவரேதான். முப்பதுகளின் தொடக்கத்தில், 1973இல், இறந்துபோனார். மூக்கு படத்தைத் தொட்டுவிடும் தூரத்தில் நின்றால்தான் அந்தக் கோடுகளின் நெருக்கம் தெரியும். பிறகு பின்னால் வந்து பார்த்தால் முழு நகரமும் எழுந்து நிற்கும். அவர் படத்துக்கு நான் அரை மணி நேரமாவது ஒதுக்குவேன்.

அக்கா மகளை ஒருமுறை கூட்டிப்போயிருந்தேன். பத்தாம் வகுப்பு. ஓவியங்களை அமைதியாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் செப்புத் தகட்டில் செய்த ஒரு சிற்பத்தின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள்.

"சித்தி, முன்னாடி மட்டும்தான் செஞ்சிருக்காங்க. பின்னாடி ஒண்ணுமே இல்லையே?"

அருமையான கேள்வி அது. ஜானகிராமும், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் தகட்டை வெட்டி, தட்டி, பற்றவைத்துச் செய்த சிற்பங்கள் முன்னாலிருந்து பார்ப்பதற்கானவை. "கருவறையில சாமிய நாம எந்தப் பக்கத்துலேர்ந்து பாக்குறோம்?" என்று கேட்டேன். "முன்னாடி" என்றாள். கவசம் சாத்திய மூலவரை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். ஓடிப்போய்த் தோட்டத்துச் சிற்பங்களில் எது முன்பக்கச் சிற்பம், எது சுற்றிப் பார்க்கிற சிற்பம் என்று அவளே பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விளக்கம் கொடுப்பதைத் தள்ளிப்போடுங்கள், அவர்கள் எதைச் சுற்றி வருகிறார்கள் என்று பாருங்கள். ஏற்கெனவே கோயிலில் பார்த்துப் பழகிய கண் அவர்களுக்கு இருக்கிறது.

நமக்கும் அப்படித்தான். தமிழ் வாசகர் ஒவ்வொருவரும் நவீன ஓவியம் பார்த்தவர்தான். சிற்றிதழ் அட்டைகளிலும் புத்தக அட்டைகளிலும் வார இதழ்த் தொடர்களிலும் கே.எம். ஆதிமூலத்தின் கோடு எங்கும் இருந்தது. திருச்சி மாவட்டத்துக்காரர். தனபாலிடம் வந்து சேர்ந்து இதே கல்லூரியில் படித்தவர். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் ஒன்றையாவது பார்க்காதவர் குறைவு. வீட்டில் பழைய புத்தகங்கள் இருந்தால் உள்பக்கத்தில் 'அட்டை ஓவியம்' என்று யார் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆதிமூலம், மருது, ஆர்.பி. பாஸ்கரன் என்று பெயர்கள் வரும். அப்புறம் ஒரு கேலரியில் அவர்களுடைய பெரிய கேன்வாஸ் முன்னால் நிற்கும்போது தெரிந்தவர் வீட்டுக்குப் போன உணர்வு வரும். ஆதிமூலத்தின் பிற்கால அரூப வண்ண ஓவியங்கள் முதலில் வேறு யாரோ வரைந்தவை போலத் தோன்றலாம். கோடு முழுக்க மறைந்து வெறும் நிறமாகிப்போன இடம் அது. காந்தி படங்களைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த மாற்றத்தின் துணிச்சல் புரியும்.

இவ்வளவும் முன்னேற்பாடு. இன்றைக்கு வரைந்துகொண்டிருப்பவர்களைப் பார்க்க நான் முதலில் போகும் இடம் கிரீம்ஸ் சாலையில் இருக்கிற, மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாதெமி. உள்ளே போகக் கட்டணம் இல்லை. இங்குள்ள கூடங்களை ஓவியர்கள் வாடகைக்கு எடுத்துக் காட்சி வைக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் மாறிவிடும். அதனால் ஒரு வாரம் சுமாராகவும் அடுத்த வாரம் பிரமாதமாகவும் இருக்கும். இதில் ஒரு பெரிய வசதி: ஓவியர் அங்கேயே இருப்பார். வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் டிபன் பை, வருகைப் பதிவேடு. வார நாளில் மூன்று மணிக்குப் போனால் நீங்களும் அவரும்தான்.

அவரிடம் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று நான் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் அழைப்பிதழில் அச்சடித்த வாக்கியங்களாகவே இருக்கின்றன. "இதை எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டால் கதை வேறு. கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்து முடித்த ஓர் இளைஞரிடம் அப்படிக் கேட்டேன். எச்சிங் படங்கள் வைத்திருந்தார். உடனே எழுந்து வந்துவிட்டார்.

"துத்தநாகத் தகடுக்கா. மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு. ஊசியால கீறுவோம். கீறின எடத்துல மட்டும் ஆசிட் தின்னும். எவ்வளவு நேரம் வைக்கிறமோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கருப்பு. அப்புறம் பூச்சை எடுத்துட்டு மை தடவித் துடைச்சுருவோம். பள்ளத்துல மட்டும் மை நிக்கும். ஈரக் காகிதம் வெச்சு மிஷின்ல உருட்டணும்."

படத்தைச் சுற்றிக் காகிதம் லேசாக உள்ளே அழுந்தியிருந்ததைக் காட்டினார். தகட்டின் விளிம்பு பதிந்த இடம் அது. கீழே பென்சிலில் 4/10 என்று எழுதியிருந்தது. பத்துப் பிரதிகளில் நான்காவது. அந்த உரையாடலுக்குப் பிறகு எந்தக் காட்சியில் எச்சிங் பார்த்தாலும் என் கண் முதலில் அந்த அழுந்திய விளிம்புக்குப் போகிறது. எந்தக் கோடு ஆசிட்டில் அதிக நேரம் கிடந்திருக்கும் என்று யோசிக்கிறேன். படம் செய்யப்பட்ட வரிசை தெரிய ஆரம்பித்ததும், அது எதைப் பற்றியது என்ற கவலை தானாகக் குறைந்துவிடுகிறது. போகிறபோது இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுவேன்: "யார்கிட்ட படிச்சீங்க?" ஆசிரியர் பெயரைச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறும். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து தேடினால் அடுத்த காட்சிக்கான வழி கிடைத்துவிடும்.

தனியார் கேலரிகள் நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு பக்கங்களில் இருக்கின்றன. அப்பாராவ், அஷ்விதா, ஆர்ட் ஹவுஸ், ஃபோரம், ஃபோகஸ் என்று பெயர்களைத் தேடினால் முகவரி கிடைக்கும். நிறையப் பேரைத் தடுப்பது அந்தக் கண்ணாடிக் கதவுதான். வாங்குகிறவர்கள் மட்டும்தான் போகலாம், நம் செருப்பையும் பையையும் பார்த்து எடைபோடுவார்கள் என்ற பயம். ஒரு கேலரியில் ஊழியர் ஒருவர் நான் திரும்பும் பக்கமெல்லாம் பின்னாலேயே வந்ததும் உண்டு. ஆனால் பெரும்பாலான இடங்களில் "ஓவியம் பார்க்க வந்திருக்கேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். விளக்கைப் போட்டு, குளிர்சாதனத்தையும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காட்சிக்கு நுழைவுக் கட்டணம் வாங்கும் கேலரியை நான் இங்கே பார்த்ததில்லை. இது நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கும் மிகச் சிறந்த விஷயங்களில் ஒன்று, அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

போவதற்கு முன் போன் பண்ணிக் கேளுங்கள். ஒரு காட்சி முடிந்து அடுத்தது மாட்டும் இடைவெளியில் சுவர் காலியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பல கேலரிகள் மூடியிருக்கும். திறப்பு நாள் மாலையில் போனால் ஓவியரைப் பார்க்கலாம், அவருடைய சகாக்களைப் பார்க்கலாம், ஓவியத்தைப் பார்க்க முடியாது. கூட்டம். அதனால் பிடித்திருந்தால் வார நாளில் இன்னொரு முறை போவேன். உள்ளே நுழைந்ததும் ஒரு சுற்று வேகமாக வந்துவிட்டு, இழுத்த ஒன்றிரண்டு படங்களிடம் மட்டும் திரும்புவது என் வழக்கம். பெயர்ப் பலகையைக் கடைசியில் படிப்பேன். தலைப்பு முதலிலேயே மண்டைக்குள் ஏறிவிட்டால் கண் அதைத்தான் தேடும். ஆனால் என்ன பொருளில் செய்தது என்ற வரியை விடாதீர்கள். எண்ணெய் வண்ணமா அக்ரிலிக்கா, காகிதமா துணியா என்பதைப் பொறுத்து அருகில் பார்க்க வேண்டியதா தள்ளி நின்று பார்க்க வேண்டியதா என்பது மாறும். அளவில் பெரும்பாலும் உயரம் முதலில், அகலம் அடுத்தது. படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது என்று அர்த்தம். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுவிடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.

கட்டடத்துக்கு வெளியிலும் பார்க்க இருக்கிறது. 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்படக் கலைத் திருவிழா புகைப்படங்களைப் பொது இடங்களுக்கே கொண்டுவந்தது. 2019இல் கலைஞர் புஷ்பமாலா பொறுப்பில் நடந்தபோது பல்கலைக்கழக செனட் இல்லத்துக்குள்ளும் காட்சி இருந்தது. வழக்கமாக நாம் வாசலோடு நின்றுவிடும் அந்தக் கட்டடத்தின் உயரமான கூடத்தில் புகைப்படம் பார்த்தது தனி அனுபவம். பினாலே நடக்கும் காலத்தில் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

துரைப்பாக்கம் கண்ணகி நகரில் குடியிருப்புகளின் பக்கச் சுவர் முழுக்க 2020இல் ஓவியங்கள் வரைந்தார்கள். ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏசியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியும் சேர்ந்து செய்த வேலை. மாடி உயரத்துக்கு நிற்கும் முகங்கள். ஆனால் அங்கே போகும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்டு இங்கே குடியமர்த்தப்பட்டவர்களின் ஊர் அது. சுவரோவியத்துக்குக் கீழே துணி காய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கேமராவைத் தூக்குவதற்கு முன் கேட்க வேண்டும். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "சுவரு நல்லாத்தான் இருக்கு. தண்ணி ஒழுங்கா வந்தா இன்னும் நல்லா இருக்கும்மா" என்றார். வண்ணம் அடித்ததும் ஓர் ஊரின் கதை மாறிவிட்டது என்று எழுதுபவர்கள் அவரிடம் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஓவியங்கள் நல்லவை. வெயிலும் மழையும் பட்டு வெளுக்கும், அதனால் சீக்கிரம் போங்கள்.

கடைசியாக, விலை. விலைப்பட்டியல் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதே இல்லை. எல்லா கேலரியிலும் இருக்கும், வாங்காதவர்களும் கேட்கலாம். ஒரு கேன்வாஸின் விலையைப் பார்த்து மலைக்கும்போது, கேலரி அதில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ எடுத்துக்கொள்வது தொழில் வழக்கம் என்பதையும், படச்சட்டமும் வண்ணமும் வாடகையும் ஓவியர் கைக்காசு என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். வாங்க ஆசையிருந்தால் எச்சிங், லினோலியத்தில் செதுக்கி அச்சிடும் லினோகட் மாதிரி பிரதி எடுக்கும் படங்களிலிருந்து தொடங்கலாம். மூலப் படைப்பேதான், பல பிரதிகள் இருப்பதால் விலை நமக்கு எட்டும். எண்ணும் கையெழுத்தும் பென்சிலில் இருக்கிறதா என்று பார்த்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி படத்தை ஒட்டாதபடி அட்டை விளிம்பு வைத்துச் சட்டம் போடச் சொல்லி, வீட்டில் நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் வருகைப் பதிவேட்டில் பெயரும் மின்னஞ்சலும் எழுதிவிட்டு வாருங்கள். அடுத்த காட்சிக்கு அழைப்பு வரும். பெரியமேட்டுக் கல்லூரியில் மாணவர்கள் தங்கள் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் நாட்கள் தெரியவந்தால் வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். அங்கேயும் கேட்க வேண்டியது அதே இரண்டு கேள்விகள்தான்: எப்படிச் செஞ்சீங்க, யார்கிட்ட படிச்சீங்க.